ஆறாவது ரசீது

வள்ளியம்மாவுக்கு இடது கண் தெளிந்த அன்றுதான் அவள் வீட்டுச் சமையலறைச் சுவருக்குக் கெட்ட காலம் பிறந்தது.

போன வருடம் நவம்பரில் அரசாங்க மருத்துவமனையில் கண்புரை எடுத்துவிட்டு உள்ளே புது லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். மறுநாள் மூடியைக் கழற்றியதும் அவள் முதலில் பார்த்தது கணவன் ரெங்கசாமியின் தலையை.

"ஏங்க, இவ்ளோ வெள்ளையாவா இருக்கு? நான் என்னமோ அங்கொன்னு இங்கொன்னுன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"நீ பார்க்கலன்னு தைரியமா நரைச்சிருச்சு லா," என்றார் ரெங்கசாமி.

இரண்டாவதாகப் பார்த்தது சுவரை. கிரீம் கலர் அடித்த சுவர் என்றுதான் பல வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். அது வெள்ளைச் சுவராம். மீதி எல்லாம் தாளிப்புப் புகையும் மீன் பொரித்த எண்ணெயும். நான் அவர்களுக்கு அடுத்த வீடு. கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்தான். அன்று அவள் போட்ட சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்கும் என்று அவளுக்கும் தெரியும். அதனால்தான் கொஞ்சம் கூடுதலாகவே போட்டாள்.

"இந்தச் சுவத்துக்கு முன்னாலயா நான் இத்தனை வருஷம் சோறாக்கினேன்? தீபாவளிக்குள்ள வீடு பூரா சாயம் அடிக்கணும். சொல்லிட்டேன்."

"வரிப் பணம் திரும்பி வரட்டும் வள்ளி. வந்ததும் அடிச்சிடலாம்."

ரெங்கசாமிக்கு ஷா ஆலமில் ஒரு கிடங்கில் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரு பெட்டியைக் கீழே போட்டதில்லை, ஒருவர் காலில் ஏற்றியதில்லை. சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் வரி பிடிப்பார்கள். வருடம் முடிந்ததும் கணக்கைக் காட்டினால், அதிகமாகப் பிடித்ததை வருமான வரி வாரியம், எங்கள் பேச்சில் ஹாசில், திருப்பிக் கொடுத்துவிடும். முன்பெல்லாம் அந்த வரிப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு யார் யாரையோ கெஞ்சிக்கொண்டு திரிவார். கோவிட் வந்து வீட்டில் அடைத்து வைத்தபோது கைப்பேசியிலேயே செய்யக் கற்றுக்கொண்டார். அதிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியாது.

மார்ச் மாதம் பிறந்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவார். அடையாள அட்டை எண்ணைத் தட்டுவார். உள்ளே விடுவதற்கு முன்னால் அந்தத் திரை ஒரு சொற்றொடரைக் காட்டும். நாம் முதன்முதலில் பதிந்தபோது கொடுத்தது. அது நம்முடையதுதானா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் கடவுச்சொல் போட வேண்டும், போலித் தளத்தில் போய் விழாமல் இருக்க. ரெங்கசாமி கொடுத்து வைத்திருந்தது 'காரி கெப்பாலா ஈக்கான்'. மீன் தலைக் கறி என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டு, "ஆமா, நான்தான்," என்று வாய்விட்டுச் சொல்வார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "இன்னைக்கு என்ன சமையல்?" என்பார்.

இந்த மார்ச்சிலும் அப்படித்தான். நன்கொடை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஆயிரத்து எண்ணூறு என்று போட்டார். போன வருடம் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் ஆறு முறை அன்னதானத்துக்குப் பணம் கட்டியிருந்தார். ஒரு முறைக்கு முந்நூறு ரிங்கிட், எங்கள் பேச்சில் முந்நூறு வெள்ளி. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த மனிதர். கிள்ளானுக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் அந்தக் கோயிலில் போய்த்தான் சொல்லுவார். அந்தக் கோயில் தரும் ரசீதுக்கு வரிவிலக்கும் உண்டு.

எண்ணைப் போட்டதும் கீழே வரி பூஜ்யம் என்று வந்தது. பிடித்த பணம் எழுநூற்று இருபத்து நான்கு ரிங்கிட், அத்தனையும் திரும்ப வரும் என்றது.

"வள்ளி, சாயம் வந்திருச்சு!" என்று கூவினார்.

சாயம் வரவில்லை. மே மாதம் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. திட்டிக் கிட்டி எழுதவில்லை, மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். நன்கொடைக்கான ரசீதுகளைப் படம் எடுத்து, பதினான்கு நாளுக்குள் தளத்தில் ஏற்றுங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

"இதுக்கென்ன, பிஸ்கட் டின்ல பத்திரமா இருக்கு," என்று டின்னைத் திறந்தார் ரெங்கசாமி. ஆறு ரசீதையும் மேசைமேல் வரிசையாக அடுக்கினார். அடுக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

கண்ணுகளா, நம் ஆட்கள் அன்னதானத்துக்குப் பணம் கட்டும்போது கௌண்டரில் என்ன கேட்பார்கள்? பேர் சொல்லுங்க, நட்சத்திரம் சொல்லுங்க என்பார்கள். நாம் என்றைக்காவது நம் பேரைச் சொல்லியிருக்கிறோமா? யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அவர் பேரைத்தான் சொல்லுவோம். அந்தப் பேர்தான் ரசீதிலும் ஏறும்.

முதல் ரசீது அவருடைய அப்பா பேரில், திதிக்காக. இரண்டாவது மகள் புனிதா பேரில், சுகப்பிரசவம் ஆக வேண்டி. மூன்றாவது மருமகன் ரிஷிக்குப் புது வேலை கிடைக்க. நான்காவது கிடங்கில் கூட வேலை செய்யும் ராஜனுக்கு, நெஞ்சு ஆபரேஷன் நல்லபடி முடிய. ஐந்தாவது சரஸ்வதி பூசை சமயத்தில் கட்டியது. அதில், 'ஏழாம் நம்பர் ஃபோர்க்லிஃப்ட், நட்சத்திரம் தெரியாது' என்று எழுதியிருந்தது. ஆறாவது ரசீது வள்ளியம்மா, ரோகிணி நட்சத்திரம், இடது கண் ஆபரேஷன் அன்றைக்கு அன்னதானம்.

ரெங்கசாமி பேரில் ஒன்றுகூட இல்லை.

அன்று சாயங்காலம் வெளிவாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வேலிக்கு மேலே எட்டிக் கேட்டார். "அக்கா, ஃபோர்க்லிஃப்ட் எனக்கு என்ன உறவுன்னு ஹாசில்காரன் கேட்டா என்னக்கா சொல்றது?"

"கூடப் பிறந்ததுன்னு சொல்லுப்பா," என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் சனிக்கிழமை. கொம்யூட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனார். கோயில் பொருளாளர் விநாயகமூர்த்தி அரசாங்கக் கருவூலத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கணக்கில் ஒரு சென் இடித்தாலும் அன்றிரவு தூங்காதவர். மூக்குக் கண்ணாடியை இறக்கி ஆறு ரசீதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தாவதில் நின்றார்.

"இது ஆர், ரெங்கசாமி? நட்சத்திரம் தெரியாதாம்?"

"அது வந்துங்க ஐயா... வண்டி."

விநாயகமூர்த்தி சிரிக்கவில்லை. அவர் கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் சிரிப்பதில்லை. "ஆறுக்கும் காசு உம்முடைய பேங்கிலயிருந்துதான் வந்திருக்கு. கட்டினது நீர் எண்டதுக்கு எங்களிட்ட ஆதாரம் இருக்கு. பழையதை ரத்து செய்து, உம்முடைய பேரில புதுசு தரலாம். கமிட்டியும் ஒத்துக்கொள்ளும். சட்டப்படி அதில ஒரு பிழையும் இல்லை."

ரெங்கசாமிக்கு உயிர் வந்தது.

"ஆனா ஒண்டு," என்றார் விநாயகமூர்த்தி. "இது சட்டம் இல்லை, என்னுடைய வழக்கம். பேருக்கு உரிய ஆக்கள் சரி எண்டு சொல்ல வேணும். அவையின்ர பேரைச் சொல்லித்தானே ஐயர் சங்கல்பம் செய்தவர்? அவையளைக் கேளாமல் நான் பேனை எடுக்க மாட்டன். புண்ணியத்துக்கு டிரான்ஸ்ஃபர் பாரம் இன்னும் அச்சடிக்கேல்லை."

"எல்லாரும் சரின்னுதான் ஐயா சொல்வாங்க."

"சொல்லட்டும். வந்து எனக்குச் சொல்லும். உம்முடைய வார்த்தை எனக்குப் போதும்."

திரும்பும் ரயிலிலேயே ரெங்கசாமி வேலையைத் தொடங்கிவிட்டார். முதலில் ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் மகளைக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டுப் புனிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, பாப்பா பொறந்து பல்லே வரப்போவுது. எடுத்துக்கோங்க லா!" மருமகன் ரிஷி வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் ராஜனிடம் கேட்டார்.

"நெஞ்சு நல்லாத்தான் ஓடுது, எடுத்துக்கடா," என்றார் ராஜன். "ஆனா எனக்காக முந்நூறு வெள்ளி கட்டினதை இத்தன மாசம் சொல்லாமயே இருந்திருக்கே பாரு. இதுக்கு ஒரு தே தாரிக் நீதான் வாங்கித் தரணும்."

"கட்டினதும் நான், டீ வாங்கித் தர்றதும் நானா?"

"ஹார்ட் பேஷண்டுகிட்ட சண்டை போடாதே."

இறந்துபோன அப்பாவை எப்படிக் கேட்பது? படத்துக்கு விளக்கேற்றிக் கேட்டார். உயிரோடு இருந்தபோது காசு மிச்சப்படும் ஒரு காரியத்துக்கும் அவர் மறுப்புச் சொன்னதில்லை. விளக்கு ஆடாமல் நின்றது. ஏழாம் நம்பர் வண்டியையும் விடவில்லை. காலையில் அதன் தூணைத் தட்டிக்கொடுத்து, "என்ன, சம்மதமா?" என்றார். மழை நாளில் மூன்று முறை இருமிவிட்டுக் கிளம்பும் வண்டி அன்று ஒரே திருப்பில் கிளம்பியது. சம்மதம்தான்.

வீட்டில் இருப்பவளைக் கடைசியில் கேட்கலாம் என்று விட்டிருந்தார். அங்கேதான் தப்புச் செய்தார்.

"முடியாது," என்றாள் வள்ளியம்மா.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைக்கூட எடுக்கவில்லை. ரெங்கசாமிக்கு அது காதில் விழுந்து மூளைக்குப் போகவே கொஞ்ச நேரம் ஆனது.

"என்ன வள்ளி, வெறும் பேருதானே?"

"வெறும் பேருன்னா அப்படியே இருக்கட்டுமே. அடுத்த வியாழக்கிழமை எனக்கு வலது கண்ணு ஆபரேஷன். மறந்துட்டீங்களா?"

"மறப்பேனா? சரி, வியாழக்கிழமை முடியட்டும். சனிக்கிழமைதான் கடைசி நாள். வெள்ளிக்கிழமை மாத்திக்கலாம்."

வள்ளியம்மா அரிசிச் சட்டியை ணங்கென்று வைத்தாள். "நல்லா இருக்கே! கடையில சேலை எடுத்து, தீபாவளிக்குக் கட்டிட்டு, மறுநாள் மடிச்சுக் கொண்டுபோய் வேணாம்னு திருப்பிக் கொடுக்கிற மாதிரி. சாமிகிட்டயே வேலையைக் காட்டுறீங்களா?"

ரெங்கசாமிக்குக் கோபம் வரவில்லை. கணக்கு வந்தது. கைப்பேசியை எடுத்து நன்கொடைக் கட்டத்தில் ஆயிரத்து ஐந்நூறு என்று போட்டுப் பார்த்தார். கீழே வந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஆயிரத்து எண்ணூறு போட்டார். திரும்பவும் ஆயிரத்து ஐந்நூறு. அப்புறம்தான் மேசையில் உட்கார்ந்து அவளுக்கு விளக்கினார்.

விஷயம் இதுதான். கழிவெல்லாம் போக வரிக்கு உரிய வருமானம் முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டாவிட்டால் அரசாங்கம் தனியாக ஒரு தள்ளுபடி தரும். அவருக்கு நானூறு, வேலைக்குப் போகாத மனைவிக்காக இன்னொரு நானூறு. ஆறு ரசீதும் இருந்தால் ரெங்கசாமி அந்தக் கோட்டுக்கு நூறு ரிங்கிட் கீழே இருப்பார். ஐந்து ரசீது என்றால் இருநூறு ரிங்கிட் மேலே போய்விடுவார், தள்ளுபடியே கிடையாது. ஆறு இருந்தால் எழுநூற்று இருபத்து நான்கு வெள்ளி கைக்கு வரும். ஐந்து என்றால் நூற்றுப் பன்னிரண்டு.

"உன் ஒரு ரசீதுக்கு அறுநூத்திப் பன்னெண்டு வெள்ளி வள்ளி. வீடு பூரா சாயம் அதுக்குள்ள இருக்கு. நீதானே சுவத்தைப் பார்த்துப் பார்த்துத் திட்டுறே?"

வள்ளியம்மா சுவரைப் பார்த்தாள். தெளிந்த கண்ணை மூடிக்கொண்டு மங்கிய கண்ணால் பார்த்தால் அது இன்னும் கிரீம் கலர்தான். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சிரிக்காம கேட்பீங்களா?"

"சிரிக்கல."

"அன்னைக்கு உள்ள படுக்க வெச்சாங்க. மூஞ்சியை மூடிட்டாங்க. கண்ணுக்கு மட்டும் ஓட்டை. மேல பெரிய லைட்டு. 'ஆன்டி, ஆடாதீங்க, இருமல் வந்தா முன்னாடியே சொல்லுங்க'ன்னு டாக்டர் பொண்ணு சொல்லுச்சு. உடம்பு பூரா வெடவெடன்னு வருது. ஒரு சாமி பாட்டு வரல. கந்தர் பேரு, அம்மா பேரு, ஒண்ணும் வரல. அப்போ ஒண்ணு நெனப்பு வந்துச்சு. மணி பன்னெண்டரை. கோயில்ல இலை போட்டிருப்பாங்க. எம்பது பேரு என் பேரைச் சொன்ன சோத்தைச் சாப்பிட்டுட்டு இருப்பாங்க. ஒருத்தர் ரசம் கேக்குறாரு. ஒரு பிள்ளை பாயாசத்தை நக்குது. யாரோ ஏப்பம் விடுறாங்க. அதையே நெனச்சிட்டு இருந்தேன். நடுக்கம் நின்னுருச்சு."

ரெங்கசாமி கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"வியாழக்கிழமை திரும்பவும் அந்த லைட்டுக்குக் கீழ படுக்கணும். பிடிச்சிக்க எனக்கு வேற ஒண்ணும் கிடையாதுங்க."

இதைக் கேட்டு அவர் மனம் ஒரேயடியாக இளகிவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். இளகத்தான் செய்தது. ஆனால் அறுநூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. இரண்டு நாள் அந்த வீட்டில் சத்தமே இல்லை. எனக்குத்தான் பயமாகிவிட்டது. சண்டை போடும் வீட்டைப் பற்றிக் கவலையில்லை. சத்தம் நின்றால்தான் சங்கடம். நான் கத்தரிக்காய்க் கூட்டு செய்து ஒரு கிண்ணத்தில் கொண்டுபோனேன். அவள் சுடுதண்ணீர்த் துணியால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த இடம் மட்டும் வெள்ளையாகி, மீதி இன்னும் மோசமாகத் தெரிந்தது.

"விடு வள்ளி, கை வலிக்கப்போவுது," என்றேன்.

"அவரு அறுநூறு வெள்ளி கேக்குறாருக்கா. நான் ஒரு சுவத்தையாவது தேய்க்கவேணாமா?" என்றாள். பிடிவாதக்காரி இல்லை, அவளுக்கும் மனசு உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

புதன்கிழமை வேலை முடிந்ததும் ரெங்கசாமி மறுபடியும் பிரிக்ஃபீல்ட்ஸ் போனார். ஐந்து பேரின் சம்மதத்தை முன்பே ஃபோனில் சொல்லியிருந்ததால் விநாயகமூர்த்தி ஐந்து புது ரசீதுகளைத் தயாராக வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் 'ரெங்கசாமி' என்று அச்சு அச்சாக எழுதியிருந்தார்.

"ஆறாவது?"

"அது... இன்னும் பேசிட்டு இருக்கோம் ஐயா. நாளைக்கு அவளுக்கு வலது கண்ணு ஆபரேஷன்."

பொருளாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இந்தப் பொருளாளரிடம், "அவ சரின்னுட்டா," என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. விசாரிக்க மாட்டார். வள்ளியம்மாவோ கைப்பேசித் திரையைப் பார்ப்பவள் இல்லை. அவளுக்குத் தெரியப்போவதும் இல்லை. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது என்று ரெங்கசாமியே பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார். "ஆனா அந்த ஆளு மூஞ்சியைப் பார்த்தா பொய் வரமாட்டேங்குதுக்கா. ஏழாம் நம்பர் வண்டிகிட்ட பொய் சொல்ற மாதிரி இருக்கு," என்றார்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் வரையும் நான் இங்கதான் இருப்பன்," என்றார் விநாயகமூர்த்தி. "அவவின்ர கண்ணுக்கு என்ர காசிலயும் ஒரு அருச்சனை சொல்லியிருக்கிறன். அதுக்கு நான் ரசீது கேக்கேல்லை."

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு வள்ளியம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பச்சைத் தொப்பி போட்டுவிட்டிருந்தார்கள். கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். "சாப்பிட்டுட்டு வாங்க, காலையிலிருந்து வெறும் வயிறு," என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ரெங்கசாமி காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே ஒரு மலாய்க்காரப் பெரியவர் மனைவிக்காகக் காத்துக்கொண்டு வாழைப்பழப் பலகாரம் தின்றுகொண்டிருந்தார். ஒன்றை இவரிடமும் நீட்டினார். வாங்கிக்கொண்டார். கை சும்மா இருக்க முடியாமல் கைப்பேசியை எடுத்தார். அடையாள அட்டை எண். 'காரி கெப்பாலா ஈக்கான்' என்று திரை கேட்டது. அன்று அவர் 'நான்தான்' என்று சொல்லவில்லை.

ரசீது ஏற்றும் பக்கம் திறந்தது. ஐந்தையும் காலையிலேயே படம் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக ஏற்றினார். ஐந்தாவதற்குப் பிறகு விரல் நின்றது.

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அவள் வெளியே வரட்டும். கண் நன்றாக இருக்கும். நல்ல மனநிலையில் இருப்பாள். ஒரு வார்த்தை கேட்டால் இந்த முறை சரி என்பாள். அவளைத் தெரியாதா அவருக்கு? நாளைக்கு ஒரு ரயில், ஒரு ரசீது, வீடு முழுக்கச் சாயம்.

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு இருபது. உள்ளே அந்த லைட்டைப் போட்டிருப்பார்கள். முகத்தை மூடியிருப்பார்கள். இந்த நிமிடம் அவள் அந்த எண்பது பேரை நினைத்துக்கொண்டிருப்பாள். ரசம் கேட்கும் ஆள், பாயாசம் நக்கும் பிள்ளை. உள்ளே அவள் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, கதவுக்கு வெளியே அதன் மறுமுனையைச் சுருட்டிக்கொள்ள நேரம் பார்த்து உட்கார்ந்திருப்பது யார்? நானா என்று அவருக்குத் தோன்றியது.

பாதி தின்ற வாழைப்பழப் பலகாரத்தைக் காகிதத்தில் சுற்றி வைத்தார்.

பக்கத்தின் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. தனக்குத் தெரிந்த மலாயில் பொறுமையாகத் தட்டினார். ஒரு ரசீது என் மனைவியின் பெயரில் இருக்கிறது. அது அவளுடையது. அந்த முந்நூறு ரிங்கிட்டுக்கான கோரிக்கையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுதியதை ஒருமுறை வாசித்தார். 'ஹந்தார்' என்ற பொத்தானைத் தட்டினார். அனுப்பியாயிற்று என்று திரையில் பச்சையாக ஒரு குறி வந்தது. எதிரே இருந்த பெரியவரிடம் போய்த் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஒரு மணி சுமாருக்கு வள்ளியம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது கண்ணில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி. முகம் தெளிவாக இருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ எப்படி இருக்கே? நடுங்கிச்சா?"

"முதல்ல நடுங்கிச்சு. அப்புறம் இலையைப் போட்டுட்டேன்," என்று சிரித்தாள். "ஏங்க, ஒண்ணு சொல்லவா? நடுவுலயே தோணுச்சு. அந்த எம்பது பேரு போன வருஷமே சாப்பிட்டு, கையைக் கழுவிட்டு, வீட்டுக்குப் போயிட்டாங்க. அதை யாரு வந்து மாத்த முடியும்? காகிதத்துல எந்தப் பேரு இருந்தா என்ன? போய் உங்க பேருக்கு மாத்திக்கிட்டு வாங்க. வீட்டுக்குச் சாயம் அடிப்போம்."

ரெங்கசாமி கைப்பேசியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"சுடா ஹந்தார் வள்ளி. அனுப்பிட்டேன்."

"எத்தனையை?"

"அஞ்சு."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் பெண், பேஷண்ட் எழுந்துவிடுவாரோ என்று பயந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுநூறு வெள்ளி! அறுநூத்திச் சில்லற! ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா? நான் உள்ள போயி வெளிய வர்றதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு? சாமானைத் தூக்கறதுல காட்டுற பொறுமை இதுல வேணாமா?"

"ஆன்டி, கத்தக் கூடாது, கண்ணுக்கு ஆகாது," என்றாள் நர்ஸ்.

"நான் கத்தலம்மா. இவரைக் கேட்டேன்." அப்புறம் குரலை இறக்கினாள். "ஏன் அனுப்பினீங்க?"

"நீ உள்ள இருந்தே," என்றார் ரெங்கசாமி.

வள்ளியம்மா அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். அவர் மிச்சம் வைத்திருந்த பாதி வாழைப்பழப் பலகாரத்தை அதில் வைத்தார்.

ஆறு வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட் அவர் கணக்கில் வந்து விழுந்தது. வாரியத்திலிருந்து ஒரு கேள்வியும் இல்லை. ஃபோர்க்லிஃப்ட் என்ன உறவு என்று யாரும் கேட்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகச் சாயக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நீட்டிய வண்ண அட்டையில் இருந்த எட்டு விதமான வெள்ளைக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தாள் வள்ளியம்மா. புதுக்கண் வந்தவர்களோடு சாயக் கடைக்குப் போகாதீர்கள், கண்ணுகளா. ஒன்றரை மணி நேரம் ஆகும். கடைசியில் ஐந்து லிட்டர் டின் ஒன்றும், ஒரு ரோலரும் வாங்கினார்கள். மிச்சத்தில் இரண்டு தே தாரிக் குடித்தார்கள். வீடு முழுக்க அடிக்கக் காணாது. சமையலறைக்கு மட்டும் போதும்.

சத்தம் கேட்டு நானும் பார்க்கப் போனேன். ரெங்கசாமி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் நின்றார். தலையில் சாயம் தெளித்து, இருந்த வெள்ளையோடு சேர்ந்துகொண்டது. வள்ளியம்மா கீழே ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வை.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்த சேதியை ரோலரை ஓட்டிக்கொண்டே எனக்குச் சொன்னார். விநாயகமூர்த்தி கமிட்டியில் பேசிப் புது ரசீதுப் புத்தகம் அச்சடித்துவிட்டாராம். மேலே, 'பணம் கட்டியவர்'. கீழே இன்னொரு வரி, 'யாருக்காக'. நட்சத்திரம் கீழே உள்ளவருக்கு மட்டும். வண்டிகளுக்கு நட்சத்திரம் வேண்டாம் என்று பேனாவால் ஒரு குறிப்பும் போட்டிருக்கிறாராம்.

"மேல, இடது பக்கம் ஒரு இடம் விட்டுட்டீங்க," என்றாள் வள்ளியம்மா.

"எங்க?"

"அங்கதான். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளா இருக்கு பாருங்க."

ரெங்கசாமி ஏணியில் இருந்தபடியே எட்டி, முகத்தைச் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே. எல்லாம் ஒரே வெள்ளையாத்தானே இருக்கு?"

நானும் வள்ளியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கே அந்த மஞ்சள் தெரிந்தது.

"ஏங்க, கீழ இறங்குங்க," என்றாள் அவள். "நாளைக்கு உங்க கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுறோம்."

"என் கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. என் சீட்டுப் பணத்துல முந்நூறு வெள்ளி வெச்சிருக்கேன். உங்க பேருல எம்பது பேருக்கு இலை போடறேன். நான் பணம் கட்டறேன், உங்களுக்காகன்னு கீழ எழுதிக்கட்டும்."

ரெங்கசாமி ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தார். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது.

"வள்ளி, அதை என்னோட கணக்குல நன்கொடைக் கட்டத்துல..."

சுவர் துடைத்த ஈரத் துணி நேராகப் போய் அவர் நெஞ்சில் விழுந்தது. இரண்டு கண்ணும் தெளிந்தவள் எறிந்தது, குறி தப்பவில்லை.